தவமிருந்த பூனையும் கடன் கொடுத்த பூனையும்



இந்த இதழின் நடுப்பக்கங்களை விலங்குகளிடம் கொடுத்துவிட்டோம். அதனால் ஓர் அரசியல் கட்டுரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எழுதியவர் பெருந்தன்மையானவர். "முயலுக்குத்தானே இடம் விட்டேன், பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டார். மல்யுத்தம் செய்யும் தவளை, ஓவியத்துக்கு மார்க் போடும் குரங்கு, கல்லாவில் உட்கார்ந்த பூனை என்று பக்கத்துக்குப் பக்கம் அமர்க்களம். சிறுவர் பகுதி என்று நினைத்துப் புரட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். இந்தப் படங்களை வரைந்தவர்களில் ஒருவர் காளான் ஆராய்ச்சி செய்தவர். இன்னொருவர் வீட்டில் குரங்குகளை வளர்த்து, மண்டையோடுகளையும் சேர்த்து வைத்தவர். மற்றொருவர் அரசாங்கத்தின் தடையுத்தரவுக்குப் பூனைகளையும் பொன்மீன்களையும் வைத்துப் பதில் சொன்னவர்.

படங்களைப் பொறுக்கி எடுக்கும்போது ஆசிரியர் குழுவுக்குள் ஒரே வாக்குவாதம். விலங்குக்குச் சட்டை மாட்டிவிட்டால் அது வேடிக்கைப் படமாகிவிடுமா? அப்படியானால் காலையில் கைபேசியில் வந்து விழும் 'இனிய காலை வணக்கம்' முயல்குட்டிகள் எல்லாம் கலையாகிவிடும். கடைசியில் எங்கள் ஓவியர் சொன்னதுதான் நின்றது: "சட்டையைக் கழற்றிப் பாருங்க சார். உள்ளே நிஜத் தவளை இருந்தா அது நல்ல படம்." அந்த அளவுகோலோடு பார்க்க ஆரம்பித்த பிறகு, மேசைமேல் கிடந்த படங்களில் பாதி தானாகவே கழிந்துவிட்டன. மீதியைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

மாமல்லபுரத்திலிருந்தே தொடங்கலாம். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் இரண்டு பெயரில் சொல்லப்படும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, எலும்பு தெரியத் தவம் செய்கிறார் ஒருவர். தேவர்களும் நாகர்களும் முனிவர்களும் யானைக் கூட்டமும் சூழ நிற்கிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்வது அந்தப் பெரிய யானையை. அதன் முன்னால் கீழே பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே இருக்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். ஓர் எலி பூனையைக் கும்பிடுகிறது.

ராஜா காசு கொடுத்துச் செதுக்கச் சொன்னது கங்கையும் தேவர்களும் இருக்கிற ஒரு புனிதக் காட்சி. அதில் கல்தச்சன் இந்தக் குறும்பையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறான். ஒருவேளை மேலே நிற்பவரைப் பற்றிச் சொன்னானோ, அல்லது அவனுக்குத் தெரிந்த வேறு யாராவது சாமியாரைப் பற்றிச் சொன்னானோ, நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. தவம் செய்து எலிகளை ஏமாற்றும் பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. ருத்திராட்சப் பூனை என்று நாம் இன்றும் ஆளைத் திட்டுகிறோம். ஆக, கேலிக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் இது. ஆனால் இந்தக் கேலி வெறும் கதையாக நிற்காமல் கல்லில் உயிரோடு நிற்பதற்குக் காரணம், அதே பாறையைச் சுற்றி நடந்தால் தெரியும். பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் இருக்கிறது. பக்கத்தில் தனியாக ஒரு குரங்குக் குடும்பம்: தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது, பின்னால் உட்கார்ந்த குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது. மான் எப்படிச் சொறியும், குரங்கு எப்படிப் பேன் பார்க்கும் என்பதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தவன் செதுக்கியவை இவை. அப்படிக் கவனித்தவன் கையில்தான் பூனையும் பூனையாக வந்திருக்கிறது.

ஆயிரத்திருநூறு ஆண்டு தாண்டி, அதே பூனை கல்கத்தாவில் காளிகாட் ஓவியமாக வந்து உட்கார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளி கோயிலுக்கு வரும் யாத்ரிகர்களுக்கு மலிவு விலையில் விற்ற படங்கள் அவை. தூரிகையை ஒரே இழுப்பில் வளைத்துப் போட்ட பூனை, நெற்றியில் நாமம், வாயில் ஓர் இறால். மரக்கறி விரதம் பேசிக்கொண்டு மறைவில் மீன் தின்கிற போலி வைணவர்களைக் குத்திய படம் என்பது பார்த்தவருக்கு உடனே புரிந்துவிடும். வாங்கிய யாத்ரிகர் இதை வீட்டில் எங்கே மாட்டினாரோ தெரியாது, பூஜையறையில் மாட்டியிருக்க மாட்டார்.

இனி ஜப்பான். கியோட்டோ மலையடிவாரத்தில் கோசான்-ஜி என்றொரு புத்த மடம். அதற்குச் சொந்தமான நான்கு நீண்ட ஓவியச் சுருள்களை 'சோஜு-கிகா' என்கிறார்கள். பன்னிரண்டு, பதிமூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இப்போது டோக்கியோ, கியோட்டோ தேசிய அருங்காட்சியகங்களின் பாதுகாப்பில் இருக்கின்றன. டோபா சோஜோ என்ற பிக்கு வரைந்தவை என்பது பழைய நம்பிக்கை. பல கைகள் வரைந்தவை என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். எழுத்து ஒன்றும் கிடையாது, கதைக் குறிப்பும் கிடையாது. கறுப்பு மை, தூரிகை, காகிதம், அவ்வளவுதான்.

முதல் சுருளை வலமிருந்து இடமாக விரித்தால் ஆற்றங்கரையில் தொடங்குகிறது. ஒரு முயல் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறது. நம் ஊர்க் கிணற்றில் குதிக்கும் பையன் அதே மாதிரிதான் பொத்திக்கொள்வான். அடுத்து வில்வித்தைப் போட்டி. பிறகு குரங்கு ஒன்று ஓடுகிறது, முயலும் தவளையும் கம்போடு துரத்துகின்றன, என்ன திருடியதோ. மல்யுத்தத்தில் தவளை முயலின் காதைக் கடிக்கிறது, ஆட்டவிதிப்படி அது தப்பாட்டம். அடுத்த நொடி முயல் மல்லாக்க விழுந்து கிடக்கிறது, ஜெயித்த தவளை வாயைப் பிளந்து கூவுகிறது, வேடிக்கை பார்த்த தவளைகள் தரையில் உருண்டு சிரிக்கின்றன. கடைசியில் ஒரு பூஜை. தாமரை இலையில் புத்தர்போல ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது, முதுகுக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்குப் பதில் வாழை இலை. எதிரே துறவி அங்கி உடுத்த குரங்குக் குருக்கள் மந்திரம் சொல்கிறார். அவர் வாயிலிருந்து சத்தம் கோடு கோடாகக் கிளம்புகிறது.

மடத்துக்குச் சொந்தமான படத்தில் மடத்தையே கேலி செய்கிறார்கள், மடமும் அதைப் பத்திரமாக எண்ணூறு ஆண்டு வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இந்தத் துணிச்சலைவிட எனக்கு ஆச்சரியம் அந்தத் தவளைகளின் தொடை. இரண்டு காலில் நின்று மனிதன்போல மல்யுத்தம் செய்யும்போதும் தவளைக்குத் தவளையின் தொடைதான் இருக்கிறது, பாதத்தைத் தவளைபோலவே விரித்து ஊன்றுகிறது. உடம்பு தவளை, புத்தி நாம். இரண்டாம் சுருளில் குதிரை, மாடு, பருந்து, நாய், கோழி என்று உள்ளது உள்ளபடி வரைந்து பழகியிருக்கிறார்கள். அங்கே யானையும் சிங்கமும்கூட உண்டு. அவை அன்றைய ஜப்பானில் யாரும் நேரில் பார்க்காத விலங்குகள், அது படத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இதே ஜப்பானில் 1840களில் ஒரு சுவையான சம்பவம். சிக்கனத்தையும் ஒழுக்கத்தையும் நிலைநாட்டப் புறப்பட்ட அரசாங்கம், நாடக நடிகர்களையும் கணிகையரையும் அச்சுப் படங்களில் போடக்கூடாது என்று 1842இல் உத்தரவு போட்டது. எடோ நகரத்தின் படக்கடைகளில் அவைதான் நன்றாக விற்கும் சரக்கு. உத்தாகாவா குனியோஷி என்ற ஓவியர், மடியில் பூனைக்குட்டியை வைத்துக்கொண்டே படம் வரைவார் என்று பேர்பெற்ற பூனைப் பித்தர், ஒரு வழி கண்டுபிடித்தார். நடிகர் முகத்தை வரையக்கூடாது, சரி. பூனை வரையலாம் அல்லவா? பூனைகள் நாடகம் போட்டன. அந்தப் பூனையின் மூக்கையும் கண்ணையும் பார்த்தால் எந்த நடிகர் என்று எடோவில் எல்லோருக்கும் தெரியும், அதிகாரி எதைப் பிடித்து வழக்குப் போடுவார்? கணிகையர் வீதிக்குச் சிட்டுக்குருவித் தலைகள் வந்தன. பொன்மீன்களை வைத்து ஒரு வரிசை வரைந்தார். அதில் ஒன்று: இரவில் பொன்மீன்கள் கூடி உட்கார்ந்து பேய்க்கதை சொல்கின்றன, கதை முடிகிற நேரம் பேய் வந்து நிற்கிறது. பேய் யார் என்றால், பூனை. மீனுக்கு வேறு என்ன பேய் இருக்கப்போகிறது?

ஏறக்குறைய அதே காலத்தில் பாரீஸிலும் இதே கதைதான். 1835இல் வந்த சட்டம் அரசியல் கேலிச்சித்திரங்களின் வாயைக் கட்டியது. கிராண்ட்வில் என்ற ஓவியர் புத்தகங்களுக்குப் படம் போடும் பக்கம் ஒதுங்கி, விலங்குகளின் அந்தரங்க வாழ்வும் பொது வாழ்வும் பற்றி 1840-42இல் வந்த ஒரு பெரிய தொகுப்பில் ஒரு தலைமுறை பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தையே கோட்டும் தொப்பியுமாக வரைந்து தள்ளினார். பால்சாக் போன்றவர்கள் அதற்குக் கதை எழுதினார்கள். எனக்கு அவர் படங்களில் மரியாதை உண்டு, அவ்வளவு ஒட்டுதல் இல்லை. பல இடங்களில் தலை மட்டும் விலங்கு, கழுத்துக்குக் கீழே மனிதன். எங்கள் ஓவியரின் பரீட்சையில் அது பாதி மார்க்தான் வாங்கும்.

டார்வின் வந்த பிறகு இந்த விளையாட்டு முழுக்க மாறிப்போயிற்று. அதுவரை ஐரோப்பாவில் குரங்குக்கு உடுப்பு மாட்டி வரைவது ஒரு நாகரிகம். பாரீஸுக்கு அருகே ஷாந்தியி மாளிகையில் 1737இல் ஓர் அறை முழுவதும் அப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் மனிதனுக்குப் பயம் எதுவும் இல்லை, குரங்கு வேறு நாம் வேறு என்ற தைரியம். 1871இல் டார்வின் மனிதனின் வம்சாவளி பற்றிப் புத்தகம் போட்டார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே 'ஹார்னெட்' என்ற லண்டன் பத்திரிகை அவருடைய தாடி முகத்தை வாலில்லாக் குரங்கின் உடம்பில் ஒட்டிப் படம் போட்டுவிட்டது. சிரிப்பு கொஞ்சம் நடுக்கத்தோடு வந்த சிரிப்பு.

அந்த நடுக்கமே இல்லாமல் குரங்கை வரைந்தவர் காப்ரியேல் ஃபான் மாக்ஸ். 1840இல் பிராகாவில் பிறந்து, ம்யூனிக்கில் புகழ்பெற்று, கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தவர். வீட்டில் குரங்குகளை வளர்த்தார், அவற்றோடு பழகினார், புகைப்படம் எடுத்தார், செத்துப்போனால் உடலை ஆராய்ந்தார். மண்டையோடுகளும் ஆதிமனிதன் கருவிகளுமாக அவர் சேர்த்தது சிறிய அருங்காட்சியகம் அளவுக்கு இருந்தது. டார்வின் கொள்கையை ஜெர்மனியில் பரப்பிய எர்ன்ஸ்ட் ஹெக்கலின் நண்பர். ஹெக்கலின் அறுபதாம் பிறந்தநாளுக்கு 1894இல் இவர் பரிசாகக் கொடுத்த ஓவியத்தில், பேச்சு வராத ஆதி மனிதக் குரங்குக் குடும்பம் ஒன்று இருக்கிறது. பெண் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், ஆண் பக்கத்தில் நிற்கிறான். அறுபதாம் கல்யாணத்துக்கு இப்படி ஒரு பரிசு நம்மூரில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அவருடைய 'கலைக்கு நடுவர்களாகக் குரங்குகள்' என்ற 1889ஆம் ஆண்டு ஓவியம் ம்யூனிக் நவ ஓவியக் காட்சிச்சாலையில் இருக்கிறது. பொன்முலாம் போட்ட சட்டத்தில் ஓர் ஓவியம், அதன் முன்னால் மரப்பெட்டிமேல் நெருக்கியடித்து உட்கார்ந்த ஒரு கூட்டம் குரங்குகள். எந்தக் குரங்குக்கும் சட்டையோ தொப்பியோ கண்ணாடியோ கிடையாது. சில உற்றுப் பார்க்கின்றன. சிலவற்றுக்குக் கவனம் வேறெங்கோ. ஒன்றையொன்று அணைத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும் இருக்கின்றன, குரங்குகள் உண்மையில் அப்படித்தான் உட்காரும். நாம் பார்ப்பது குரங்குகளைத்தான், அவை பார்க்கிற ஓவியத்தை மாக்ஸ் நமக்குக் காட்டவில்லை. விமர்சகர்களைக் குரங்கு என்று திட்டினார் என்று அன்றைக்குப் பலர் சிரித்திருப்பார்கள். ஆனால் குரங்கை இவ்வளவு நேசித்தவர் அதை வசைச்சொல்லாகப் பயன்படுத்தியிருப்பாரா என்பது என் சந்தேகம். அந்தக் கூட்டத்தில் மிகவும் பொறுமையாகப் பார்க்கும் ஒரு முகம் இருக்கிறது. எங்கள் இதழுக்கு வரும் புத்தக மதிப்புரைகள் சிலவற்றைவிட அந்த முகத்தில் அக்கறை அதிகம்.

இனி அந்தக் காளான் ஆராய்ச்சியாளர். பியாட்ரிக்ஸ் பாட்டரைப் 'பீட்டர் ராபிட்' எழுதியவராகத்தான் நம் ஆங்கிலவழிக் குழந்தைகளுக்குத் தெரியும். 1866இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, வீட்டிலேயே ஆசிரியை வந்து சொல்லிக்கொடுத்தார். மாடி அறையில் அவரும் தம்பியும் முயல், சுண்டெலி, பல்லி, தவளை, வௌவால் என்று கண்டதையெல்லாம் வளர்த்தார்கள். அவற்றில் செத்துப்போனதை வேகவைத்துச் சதையை நீக்கி, எலும்புக்கூட்டைக் கோத்து, அதையும் வரைந்து பார்த்தார்கள். முயல் குந்தும்போது பின்னங்கால் எலும்பு எங்கே மடியும் என்பது அந்தப் பெண்ணுக்கு அட்சரம் அட்சரமாகத் தெரியும். பின்னாளில் அவர் முயலுக்கு நீலச் சட்டை மாட்டியபோது அது பொருந்தியதற்குக் காரணம், அளவெடுத்தவருக்கு உள்ளே இருந்த எலும்பு தெரிந்திருந்தது.

இருபதுகளில் காளான்மேல் பைத்தியம் பிடித்தது. ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தபால்காரராக இருந்த இயற்கை ஆர்வலர் சார்லஸ் மக்கின்டாஷ் அவருக்குக் காளான் மாதிரிகளை அனுப்பிவைப்பார், இவர் அவற்றை வரைந்து அனுப்புவார். வரைந்து வரைந்து, காளானின் வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று நுண்ணோக்கி வைத்துத் தானே சோதனை செய்யுமளவுக்குப் போய்விட்டார். கண்டதைக் கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரை 1897 ஏப்ரல் 1 அன்று லண்டன் லின்னியன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது, எழுதியவர் அறையில் இல்லாமல். கூட்டத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது அன்றைய விதி. கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸி அதை அவர் சார்பில் கொண்டுபோனார். பிறகு பாட்டரே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பிரதி இன்று கிடைக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1997இல், அவருக்குச் சரியான மரியாதை கிடைக்கவில்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. அவர் காலமாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

ஆனால் படங்கள் தங்கிவிட்டன. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைட் என்ற சிற்றூரின் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் 59ஐ 1967இல் ஒரு காளான் கையேட்டில் அப்படியே எடுத்துப் போட்டார்கள். வரைந்து எழுபது ஆண்டு ஆன பிறகும் காட்டில் காளானை அடையாளம் காண உதவுகிற அளவுக்கு அந்தக் கோடுகளில் துல்லியம்.

இந்தக் கண்தான் கதைப் புத்தகங்களுக்குப் போனது. 1893 செப்டம்பரில் நோயில் படுத்திருந்த நோயல் மூர் என்ற குட்டிப் பையனுக்கு எழுதிய படக்கடிதம்தான் பீட்டர் ராபிட்டின் தொடக்கம். பதிப்பகங்கள் கை விரித்தபோது 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார். மறுவருடம் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் போட்டது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 1906இல் வந்த ஜெரமி ஃபிஷர். மேல்கோட்டுப் போட்ட தவளை, அல்லி இலையைப் படகாக்கிக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறார். மதியச் சாப்பாடு வண்ணத்துப்பூச்சி சாண்ட்விச். பெரிய மீன் ஒன்று அவரையே விழுங்கி, மழைக்கோட்டின் ருசி பிடிக்காமல் துப்பிவிடுகிறது. இரவு விருந்துக்கு வருபவர்களில் ஆமையின் பெயர் தாலமி, நியூட் என்ற நீர்ப்பல்லியின் பெயர் சர் ஐசக் நியூட்டன். கூட்டத்துக்குள் விடாத விஞ்ஞானிகளைத் தன் கதைக்குள் விருந்தாளியாக உட்கார வைத்து, வெட்டுக்கிளி வறுவல் பரிமாறிவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவர் அப்படி நினைத்து எழுதினாரோ என்னவோ.

சமூக விமர்சனம் என்று பார்த்தால் 1909இல் வந்த 'இஞ்சரும் பிக்கிள்ஸும்' புத்தகத்துக்கு ஈடில்லை. இஞ்சர் ஒரு மஞ்சள் கடுவன் பூனை, பிக்கிள்ஸ் ஒரு டெரியர் நாய். இருவரும் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். எலிகள் சாமான் வாங்க வந்தால் இஞ்சருக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, அதனால் அந்த வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் வேலை பிக்கிள்ஸுக்கு. கடையில் எல்லோருக்கும் கடன். யாரும் திருப்பித் தருவதில்லை. வியாபாரம் பிரமாதம், கல்லாப்பெட்டி காலி. சொந்தக் கடைச் சரக்கையே தின்று காலம் தள்ளுகிறார்கள். நாய்க்கு லைசென்ஸ் எடுக்கவும் பணமில்லை, போலீஸைக் கண்டால் பயம். போலீஸ் என்று வருவது மணிக் கண்ணும் தலையோடு தைத்த தொப்பியும் கொண்ட ஒரு பொம்மை. அது வரி நோட்டீஸை வைத்துவிட்டுப் போகிறது. கடையை மூட வேண்டியதாகிறது. அந்த ஊரில் இன்னொரு கடை வைத்திருந்த டபிதா என்ற பூனையம்மா கடனே கொடுக்காதவர். போட்டிக் கடை மூடிய மறுகணம் எல்லாச் சாமானுக்கும் அரைக்காசு விலையேற்றிவிடுகிறார்.

'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று பலகை எழுதி மாட்டிய நம் மளிகைக் கடை அண்ணாச்சிகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் பொருளாதாரம் இதில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று சொல்வார்கள். கடன், வரி, போட்டி, ஏகபோகம் எல்லாமே குழந்தை கையில் அடங்குகிற புத்தகத்தில். அதையும் விலங்கின் இயல்பைத் துளியும் மாற்றாமல்: பூனைக்கு எலியைக் கண்டால் நாக்கு ஊறத்தான் வேண்டும். பாட்டர் அந்த ஊறலை மறைக்கவில்லை, வியாபாரமாக்கினார். புத்தகத்தில் வந்த வருமானத்தில் ஏரி மாவட்டத்தில் பண்ணை நிலங்களை வாங்கி, ஹெர்ட்விக் ஆடுகளை வளர்த்து, 1943இல் இறக்கும்போது 4,000 ஏக்கருக்கு மேல் தேசிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்று அங்கே போகிறவர்கள் பார்க்கும் பசுமையில் ஒரு பங்கு முயல் சம்பாதித்துக் கொடுத்தது.

பார்த்து வரைவதற்கும் பாராமல் வரைவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிய, டோடோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மொரீஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்த பறக்காத பறவை. ஜஹாங்கீர் அரண்மனையின் ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும், 1625 வாக்கிலான டோடோ ஓவியம் ஒன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. உயிரோடு இருந்த டோடோவை உள்ளபடி காட்டும் படங்களில் மிக நம்பகமானவற்றுள் ஒன்று என்று பறவையியலாளர்கள் மதிக்கிறார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இனம் அழிந்தது. 1865இல் ஆலிஸ் கதைக்கு ஓவியர் டென்னியல் டோடோ வரைந்தபோது, பார்த்து வரைய உயிரோடு ஒரு டோடோவும் இல்லை. அவர் அதன் சிறகுக்கடியில் மனிதக் கைகளை வைத்தார். இன்று பலருக்கு டோடோ என்றால் நினைவுக்கு வருவது அந்தக் கைவைத்த டோடோதான்.

அமெரிக்காவில் வால்டன் ஃபோர்ட் என்ற ஓவியரும் டோடோபோல அழிந்துபோன உயிர்களை வரைகிறார். 1960இல் பிறந்தவர். பழைய பறவை ஓவியர் ஆடுபானின் பாணியையே எடுத்துக்கொண்டு, பெரிய பெரிய நீர்வண்ண ஓவியங்களில் மனிதனின் பேராசையைப் பேசுகிறார். 2002இல் அவர் வரைந்த 'விழும் கிளை'யில், பயணிப் புறாக்கள் மொய்த்துக்கிடக்கும் ஒரு பெரிய மரக்கிளை முறிந்து வானத்திலிருந்து விழுகிறது. விழும்போதே புறாக்கள் ஒன்றையொன்று கொத்திக் குதறுகின்றன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான கோடியாக வட அமெரிக்க வானத்தை மறைத்த புறா இனம் அது. சுட்டுத் தள்ளினார்கள், காட்டை அழித்தார்கள். கடைசிப் புறா, மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலைக் கூண்டில் செத்தது. முதலில் பார்க்கும்போது பெரிய களேபரமான வேடிக்கைப் படம் போலத் தோன்றும். எங்கள் அலுவலகத்தில் அதை மேசைமேல் விரித்தபோது முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு, இதையும் சொல்லிவிடுகிறேன். நம் சிறுவர் புத்தகங்களில் நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் மடமை, காக்கை என்றால் ஏமாளி. நூறு வருடமாக அதே நரி, அதே வடை. வரைபவர் நரியை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார் என்பது வாலிலேயே தெரியும். கழுதையின் பொறுமையை, காக்கையின் கூர்மையான புத்தியை யாராவது பார்த்து வரைந்திருக்கிறார்களா என்றால், காக்கைக்கு மட்டும் கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மண் இருந்தார். அரசியல்வாதிகளை வரைந்து களைத்த நேரத்தில் அவர் விரும்பி வரைந்தது காக்கையை. அவர் காக்கை தலையைச் சாய்த்துப் பார்க்கும் விதத்தில் எந்த மந்திரியையும்விடக் கெட்டிக்காரத்தனம் இருக்கும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தினமும் பார்க்கும் ஒரு விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தெருநாய், மொட்டைமாடிக் குரங்கு, ரேஷன் கடை வாசலில் நிற்கும் மாடு, சமையலறைப் பல்லி, எதுவானாலும் சரி. ஒரு வாரம் அது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எட்டாம் நாள், ஊர் நடப்பு ஏதாவது ஒன்றில் அதை உட்கார வைத்து வரையுங்கள். சட்டை மாட்டலாம், மூக்குக்கண்ணாடி போடலாம், கவுன்சிலராக்கலாம். தெரிந்த அண்டை வீட்டுக்காரர் யாரையும் அடையாளம் தெரியும்படி வரைய வேண்டாம், எங்களுக்கு வழக்கு வேண்டாம். கைபேசிச் செயலியில் தட்டி எடுத்த படங்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம். வயது வரம்பு கிடையாது. தேர்ந்தெடுத்த படங்கள் அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் வரும். படத்தின் பின்புறம் உங்கள் பெயர், வயது, ஊரோடு அந்த விலங்கை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதி, இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் எங்களுக்குக் கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்